முதுமலைக்குப் போகிற மன்றம்

போக நினைக்கிறவனுக்குப் பேருந்து போதும். போக முடியாதவனுக்குத்தான் திட்டம் தேவைப்படுகிறது. இந்த மாபெரும் உண்மையை மரக்காணம் வட்டத்தில் முதன்முதலாகக் கண்டறிந்தவன் தான்தான் என்பதில் பாலகுருவுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. திட்டம் எதுவும் போடாமலே இருபத்தாறு வயதை எட்டியவன் அவன். கல்லூரியில் எந்தப் பாடத்தில் இடம் காலியாக இருந்ததோ அதைப் படித்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டூடியோ கண்ணாடியில் 'பாஸ்போர்ட் படம் எடுக்க ஆள் தேவை' என்று ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறான். அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா தாம்பரத்துக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆனதும், கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஒரகடத்துக்கும் ஓமனுக்கும் போய்ச் சேர்ந்ததும், வீட்டில் சத்தம் என்று ஒன்று கேட்டால் அது குக்கர் விசில்தான் என்று ஆனதும்கூட அவன் திட்டமிட்டவை அல்ல.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. வாரத்தில் ஆறு நாள் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்துப் படம் எடுக்கிறவன். கடையை விட்டு வெளியே வந்தால் ஊரைச் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பு. வெள்ளையாக இல்லாத ஏதோ ஒன்றைப் படம் எடுத்துவிட வேண்டும். முதுமலைக்குப் போய், காலைப் பனி விலகுகிற நேரத்தில் மலையை ஒரே ஒரு படம். அதற்காகவே பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தான். தனியாகப் போக மனசு வரவில்லை என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

அந்தச் சமயத்தில்தான், தை மாதம் ஒரு நாள், லேமினேஷன் செய்யச் சொல்லி ஓர் அறிவிப்பு ஸ்டூடியோவுக்கு வந்தது. 'மரக்காணம் வட்ட நிலக்காட்சி ஒளிப்பட மன்றம். முதுமலை தேசியப் பூங்காப் பயணம். ஆறாம் ஆண்டு ஆயத்தக் கூட்டம். ஞாயிறு காலை பத்து மணி.' ஐந்து முறை போய்வந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பாலகுரு அந்த ஞாயிறே கேமராவும் கையுமாகப் போய் நின்றான்.

கூட்டம் நடந்தது உப்பளக் குத்தகைக்காரர் தனக்கோடியின் கிடங்கை ஒட்டிய அறையில். நீள மேசை, ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் முதுமலையின் வரைபடம். வரைபடத்தில் செருகியிருந்த குண்டூசிகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து, காட்டின் நடுவே பழுப்பாக வழிந்திருந்தன. தலைமை இருக்கையில் அமிர்தசாமி இருந்தார். பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்துவிடுவதால் கூட்டம் பத்து மணிக்கு. செயலாளர் வைஜெயந்தி, கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். மற்ற மூவரும் தலையாட்டுவதற்கு வந்திருந்தார்கள். அதைத் திறம்படச் செய்தார்கள்.

ஏழாவது நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரப் போன பாலகுருவிடம் வைஜெயந்தி ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார். 'இதற்கு முன் மலை பார்த்ததுண்டா? ஆம் எனில், யாருடைய அனுமதியோடு?' என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. பெருமுக்கல் என்று எழுதினான். பெருமுக்கல் மலையா குன்றா என்று ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. மேலே கோயில் இருப்பதால் மலை என்றார் தனக்கோடி. மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம் என்பதால் குன்று என்றார் வைஜெயந்தி. இறுதியில் அவன் 'குன்று கண்ட உறுப்பினர்' என்ற புதிய பிரிவில் சேர்த்துக்கொள்ளப்பட்டான். முதுமலையை நேரில் பார்த்தவர்களை மன்றத்தில் சேர்ப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பார்த்தவன் உள்ளே வந்தால் 'அங்க அப்படி இல்லை' என்று குறுக்கே பேசுவானாம், ஆயத்தம் கெட்டுப்போகுமாம்.

“அப்ப, இங்க யாருமே இதுவரைக்கும் போனதில்லீங்களா?” என்று கேட்டான் பாலகுரு.

“போறதுக்குத்தானப்பா மன்றமே இருக்குது,” என்றார் அமிர்தசாமி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

மன்றத்தில் பதினோரு துணைக்குழுக்கள் இருந்தன. ஏழு பேருக்குப் பதினொன்று எப்படி என்று அவன் கணக்குப் போடுவதற்குள், அவனை யானைத் துணைக்குழுவில் போட்டுவிட்டார்கள். இது நிலக்காட்சி மன்றம் என்பதால் படத்தில் விலங்கு வரக்கூடாது. வந்தால் என்ன செய்வது? நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. நிலக்காட்சி என்றால் நிற்கிற காட்சி, நடக்கிற எதுவும் நம் வரம்புக்குள் வராது என்று அமிர்தசாமி விளக்கம் அளித்தார். யானை நின்றுகொண்டே இருந்தால் என்று தனக்கோடி கேட்டார். பத்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் யானையைப் பாறையாகக் கருதலாம், ஆனால் காது ஆடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. யானைக்கு இது எப்படித் தெரியும் என்று பாலகுரு கேட்டதை, உறுப்பினரின் கருத்து என்று குறித்துக்கொண்டார்கள்.

சூரியோதயத் துணைக்குழுவில் இதைவிடப் பெரிய சிக்கல். ஐம்பத்திரண்டு வயதுவரை சூரியன் கடலிலிருந்து வருவதை மட்டுமே பார்த்தவர் தனக்கோடி. அங்கே கடல் இல்லையே, பின்னே எங்கிருந்து வரும் என்பது அவருடைய கவலை. மலைக்குப் பின்னாலிருந்து வரும் என்றான் பாலகுரு. அதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் உண்டா என்றார்கள். வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதி விவரம் கேட்பது என்று முடிவாயிற்று. கடிதம் தயார். ஆனால் அதை அனுப்ப வேண்டுமானால் தபால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவேட்டின் கடைசிப் பக்கம் போன வருஷமே தீர்ந்துவிட்டது. புதுப் பதிவேடு வாங்கும் கோரிக்கையை எழுத வேண்டிய இடமும் அந்தக் கடைசிப் பக்கம்தான். கடிதம் இன்றும் அலமாரியில் இருக்கிறது. அலமாரிக்குள்ளேயே தனக்கோடியின் கேமரா முக்காலியும் இருக்கிறது, விலை உயர்ந்தது. ஆறு வருஷ உப்புக் காற்றில் கால்கள் மூன்றும் இறுகி ஒன்றாகிவிட்டதால், அதைக் கைத்தடியாகப் பயன்படுத்தலாமா என்று ஆராய ஒரு துணைக்குழு உண்டு.

பங்குனியில் ஒத்திகைப் பயணம் நடந்தது. விடியற்காலை ஐந்தே காலுக்கு எல்லாரும் தனக்கோடியின் உப்பளத்தில் கூடினார்கள். பனையோலை போட்டு மூடிய உப்புக் குவியல்களே மலைகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற சாலையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் என்பதால், பாத்திகளின் வரப்புகளில் முப்பத்தாறு திருப்பங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். வேனில் உட்காரப்போகும் வரிசையிலேயே ஏழு பேரும் இரண்டிரண்டு பேராக நடந்தார்கள். பன்னிரண்டாவது வளைவில் வாந்திக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. யாருக்கும் வரவில்லை. ஆனாலும் ஐந்து நிமிடம் நின்றார்கள். ஜோடி இல்லாமல் கடைசியில் தனியாக நடந்துவந்த பாலகுரு அந்த ஐந்து நிமிடமும் உப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ராசம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்பா, என்னா தேடறீங்க? சாவி கீவி விழுந்துடுச்சா?”

“இல்லக்கா. முதுமலைக்குப் போறோம்.”

“இப்படியேவா?” என்றார் ராசம்மாள். “திண்டிவனம் பஸ்ஸு அந்தப் பக்கமில்ல நிக்குது.”

குவியல்களை எல்லாரும் படம் எடுத்தார்கள். நன்றாகவே எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக உப்பையே எடுத்துப் பழகி, வெள்ளையைப் பிடிப்பதில் மாவட்டத்தில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. பச்சை என்று ஒரு நிறம் எதிரே வந்தால் என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஆனி மாதக் கடைசிக் கூட்டத்தில் பாலகுருவின் பொறுமை தீர்ந்தது. ஜன்னலோர இருக்கையைச் சுழற்சி முறையில் ஒதுக்குவதா, வயது வரிசையிலா என்று மூன்றாவது வாரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து நின்றான்.

“இந்த ரூம்ல ஏழு பேரு. பதினோரு துணைக்குழு. எறும்புக்குக்கூட இத்தனை குழு கிடையாது சார், ஆனா அது போயிடுது. குழு போடறது எதுக்குன்னா, போகாம இருக்கிறதுக்கு. வர்ற வெள்ளிக்கிழமை நான் போறேன். தனியாவே போறேன். ஞாயித்துக்கிழமை மலையோட வர்றேன்.”

அமிர்தசாமி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'உறுப்பினர் தனிப்பட்ட முறையில் செல்வதை மன்றம் கவலையுடன் குறித்துக்கொள்கிறது' என்று வைஜெயந்தியை எழுதிக்கொள்ளச் சொன்னார். வைஜெயந்தி அதை எழுதிவிட்டு, போகிறபோது தெரு முனைவரை அவனோடு வந்து, ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராதே, காது அடைக்கும் என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடியே போனான். மரக்காணத்திலிருந்து திண்டிவனம், அங்கிருந்து சேலம், கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி. ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டர் “எத்தினி?” என்று கேட்க, ஒவ்வொரு பஸ்ஸிலும் “ஒண்ணு” என்றான். முப்பத்தாறு வளைவுகளும் இருந்தன. பன்னிரண்டாவதில் அவனுக்கு உண்மையாகவே வாந்தி வந்தது, பஸ் நிற்கவில்லை.

மறுநாள் விடியலில் மசினகுடி ஓரத்தில், அணைத் தண்ணீரும் அதற்குப் பின்னால் மலையும் தெரிகிற இடத்தில் போய் நின்றான். பனி மெல்ல அசைந்தது. கேமராவைக் கண்ணருகே தூக்கினான். தோளை யாரோ தட்டினார்கள். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். பெரிய கேமரா வைத்திருப்பவர் நன்றாக எடுப்பார் என்று நம்பித் தங்கள் போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தான். அடுத்து ஒரு புதுமணத் தம்பதி. அடுத்து ஓசூரிலிருந்து ஒரே மாதிரி டீ ஷர்ட் போட்ட பதினான்கு பேர். தாத்தா கண்ணை மூடிவிட்டார், இன்னொன்று. சின்னவள் சிரிக்கவில்லை, இன்னொன்று. நாற்பது படமாவது எடுத்திருப்பான், எல்லாம் அடுத்தவர் போனில். எல்லாரும் நன்றி சொன்னார்கள். உங்களை ஒன்று எடுக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அவன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். கூட்டம் கலைந்து திரும்பிப் பார்த்தபோது பனி போய்விட்டது. மலை அங்கேயே நின்றது, காது ஆடாமல். ஒரே ஒரு படம் எடுத்தான்.

நல்ல படம். பச்சையாக இருந்தது. அதைப் போனில் ஏற்றி அம்மாவுக்கு அனுப்பினான். பாப்பா தூங்குது, அப்புறம் பேசறேன் என்று பதில் வந்தது. பழைய நண்பர்கள் குழுவில் போட்டான். அதில் கடைசியாக வந்தது பொங்கல் வாழ்த்து, அதற்குக் கீழே மலை போய் உட்கார்ந்தது. சனிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறி, ஞாயிறு விடிந்ததும் மரக்காணத்தில் இறங்கி, டீக்கடையில் மாஸ்டரிடம் காட்டினான்.

மாஸ்டர் போனை வாங்கி நன்றாகப் பார்த்தார். பெரிதாக்கியும் பார்த்தார்.

“சூப்பரா இருக்குது,” என்றார். “இதுல நீ எங்கப்பா?”

டீக்குக் காசு கொடுத்துவிட்டு, கால் போன போக்கில் நடந்தான். பத்து மணிக்குக் கிடங்கு அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே எல்லாரும் இருந்தார்கள். படம் கை மாறிக் கை மாறி மேசையைச் சுற்றி வந்தது. அவன் பேச்சு உறைத்துவிட்டது போலிருக்கிறது. அந்த ஒரு வாரத்துக்குள் மன்றம் வரலாறு காணாத வேகத்தில் இயங்கியிருந்தது. வேன் பேசியாயிற்று. மசினகுடியில் மூன்று அறைகள் சொல்லியாயிற்று. உப்பளத்தில் மழைக்கால ஓய்வு தொடங்குகிற அக்டோபரில், இரண்டாவது சனிக்கிழமை புறப்பாடு. தனக்கோடி ஒரு கேன் மண்ணெண்ணெய் ஊற்றி முக்காலியின் ஒரு காலை விரித்தேவிட்டார். பதினோரு துணைக்குழுக்களும் பணி முடிந்ததாக அறிக்கை கொடுத்துக் கலைந்துவிட்டன.

பாலகுரு எதிர்பார்த்தது நடந்துவிட்டது. ஆனால் அறையில் சாவு வீட்டுக் களைதான் இருந்தது.

அமிர்தசாமி மன்றத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்தார். “விதி நாலு,” என்று வாசித்தார். “நோக்கம் நிறைவேறிய மறுநாள் முதல் மன்றம் கலைந்ததாகக் கருதப்படும்.” புத்தகத்தை மூடினார். “நான்தான் எழுதினேன். அப்ப அது நிறைவேறும்னு எனக்குத் தெரியாது.”

புத்தகத்தை ஓரமாக நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

“முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல இருந்தேன். ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். கோப்பு முடிஞ்சுதுன்னா அந்த ஆளு திரும்பி வரமாட்டான். நன்றி சொல்றதுக்குக்கூட வரமாட்டான். முடியலைன்னு வையி, வாராவாரம் வருவான். 'சார் வணக்கம்'பான். நம்ம உடம்பு எப்படி இருக்குதுன்னு கேப்பான். பொண்ணு கல்யாணப் பத்திரிகை வைப்பான். ஒருத்தரோட பட்டா மாறுதலை நான் ஒன்பது வருஷம் பார்த்துக்கிட்டேன். என் வீட்டம்மா செத்தப்ப ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க. அந்த ஆளு குடும்பத்தோட வந்தாரு. நான் யாரு கோப்பையும் கெடுக்கல. பத்திரமா வச்சிருந்தேன்.”

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும், தான் என்ன சொன்னோம் என்று யோசிப்பவர்போல மேசையைப் பார்த்தார்.

தனக்கோடி வீட்டில் மனைவி அவரோடு பேசி நான்கு வருஷம் ஆகிறது என்பது ஊருக்கே தெரியும். வைஜெயந்தி கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய்க் காபி குடித்ததாகச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. தலையாட்டும் மூவரும்கூட இப்போது தலையாட்டாமல் இருந்தார்கள். அக்டோபருக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று ஒன்று வரும், வந்து நிற்கும். பாலகுரு தன் வீட்டை நினைத்துப் பார்த்தான். பூட்டைத் திறக்கிற சத்தம், பிறகு பூட்டுகிற சத்தம்.

“நீ போயிட்டு வந்தவன்,” என்றார் அமிர்தசாமி அவனைப் பார்த்து. “உள்ளதைச் சொல்லு. ஏற்பாட்டுல ஏதாச்சும் குறை இருக்குதா? இல்லைன்னா இந்தக் கூட்டத்தோட ஆயத்தத்தை முடிச்சுக்கலாம்.”

குறை எதுவும் இல்லை. வேன் வரும். சாலை நன்றாக இருக்கிறது. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது, கண்ணாலேயே பார்த்தாயிற்று. இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“குளிரு சார்,” என்றான்.

“என்னா?”

“அங்க குளிருது. விடிகாலைல கை நடுங்குச்சு. நம்ம யாருகிட்டயும் ஸ்வெட்டர் கிடையாது.”

ஆறு பேரும் நிமிர்ந்தார்கள். மரக்காணத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் ஸ்வெட்டர் என்பது படத்தில் பார்க்கிற பொருள். திண்டிவனத்தில் ஒரே கடையில் ஏழையும் வாங்கிவிடலாமே என்று தலையாட்டும் மூவரில் ஒருவர் ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் காலை மிதித்தார்.

“வாங்கலாம்,” என்றான் பாலகுரு. “ஆனா, என்ன கலருன்னு முடிவு பண்ணணும். அப்புறம் அளவு எடுக்கணும். அவசரப்பட்டா கை குட்டையாப் போயிடும். ஞாயித்துக்கு ஒருத்தர்னு வச்சுக்கிட்டா நிதானமா எடுக்கலாம்.”

“அக்டோபருக்குள்ள முடியுமா?” என்று கேட்டார் தனக்கோடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“முடியாதுன்னுதான் தோணுது.”

ஏழு பேருக்கும் பத்து நிமிடத்தில் அளவெடுத்துவிடக்கூடிய வைஜெயந்தி தன் கைப்பையைத் திறந்து, உள்ளே சுருண்டு கிடந்த இஞ்ச் டேப்பைப் பார்த்தார். பிறகு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, பேனாவை எடுத்தார்.

வேனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது யார் என்று பேச்சு தொடங்கியது. அமிர்தசாமி புதுத் துணைக்குழுவுக்குக் கூட்டுநர் யார் என்று பொதுவாகக் கேட்டார். பாலகுரு தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, 'கம்பளி உடைத் துணைக்குழு, கூட்டுநர்' என்ற வரிக்கு எதிரே தன் பெயரை நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினான்.